22, 26, 30, 36: காயிலுக்கு எந்தக் கம்பி?

வியாசர்பாடியில் நான் கம்பி வாங்கும் மோட்டார் வைண்டிங் கடையில், "30 கேஜ் நூறு கிராம்" என்று கேட்டவுடன் தராசு அசையாது. "எதற்கு? ஃபேனா, மிக்சியா, பம்ப் மோட்டாரா?" என்ற கேள்விதான் முதலில் வரும். ஃபேன் என்றால் கேஜைப் பற்றி, அதாவது கம்பியின் தடிமன் எண்ணைப் பற்றி, நம்மிடம் கடைக்காரர் கேட்கவே வேண்டியதில்லை. எரிந்துபோன காயிலிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து, மேலே இருக்கும் எனாமல் பூச்சைச் சுரண்டி, திருகு அளவியில் வைத்துப் பார்த்து, அதே கம்பியை அதே சுற்றுக் கணக்கில் கட்டிவிடுவார். "ரேடியோவுக்கு அண்ணே" என்றால் மட்டும் ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்டதை மறுபேச்சில்லாமல் நிறுத்துத் தருவார். அவர் கையில் எப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது. பொழுதுபோக்காகச் சர்க்யூட் கட்டுகிறவனிடம் அது இல்லை. எந்தக் கம்பி என்பதை அவனே முடிவு செய்தாக வேண்டும்.

சென்ற மாதம் எதிர்வீட்டுப் பெண் இதே கேள்வியோடு மாடிக்கு வந்தாள். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்குத் துறைமுகத்துக் கிரேன் போல ஒன்று செய்து, கொக்கிக்குப் பதில் மின்காந்தத்தைத் தொங்கவிட்டு ஆணிகளை அள்ளிக் காட்ட வேண்டுமாம். அப்புறம் பாட்டரியே இல்லாமல் பாடும் ரேடியோ. அப்புறம் தீர்ந்துபோன பென்டார்ச் செல்லில் எல்இடி எரியவைக்கும் சர்க்யூட். நேரம் மிஞ்சினால் ஓர் எஃப்எம் ரிசீவர். "மாமா, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கம்பியாகச் சொல்லுங்கள். கால் கிலோவுக்குத்தான் அம்மா பணம் தருவார்கள்" என்றாள். அந்தக் கடை அலமாரியில் எப்போதும் இருப்பவை 22, 26, 30, 36. நியாயமான கேள்விதான்.

முதலில் ஒரு பொறியைச் சொல்லிவிட வேண்டும். நானே விழுந்து எழுந்த பொறி. கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேஜ் ஒன்றல்ல, இரண்டு. நம் ஊர் வைண்டிங் கடைகளில் புழங்குவது 1883-இல் பிரிட்டனில் சட்டமாக்கப்பட்ட எஸ்.டபிள்யூ.ஜி (ஸ்டாண்டர்ட் வயர் கேஜ்). அமெரிக்கச் சர்க்யூட்டுகளில் வருவது 1857 முதல் அங்கே வழக்கத்தில் இருக்கும் ஏ.டபிள்யூ.ஜி (அமெரிக்கன் வயர் கேஜ்). நம் 30 என்பது 0.315 மில்லிமீட்டர், அமெரிக்க 30 என்பது 0.255 மில்லிமீட்டர்தான். விட்டத்தில் பார்த்தால் ஒரு மயிரிழை. குறுக்குவெட்டுப் பரப்பில் அது ஒன்றரை மடங்கு. பல வருடங்களுக்கு முன் ஓர் அமெரிக்கச் சர்க்யூட்டைப் பார்த்து 400 சுற்று டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கட்டினேன். முன்னூறை எட்டும் முன்பே பாபின், அதாவது கம்பி சுற்றும் கூடு, நிரம்பி வழிந்தது. நான் சரியாகச் சுற்றவில்லை என்று நினைத்து, பிரித்து, மறுபடி நெருக்கமாகச் சுற்றினேன். மறுபடியும் வழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அப்படியே போயிற்று. அவர்களுடைய 28-க்குச் சரியான இணை நம்முடைய 30. அவர்களுடைய 24-க்கு நம்முடைய 25. ஆகவே எண்ணைப் பார்க்காமல் மில்லிமீட்டரைப் பார்ப்பதே நல்லது.

திருகு அளவி இல்லையென்றாலும் அளக்கலாம். பென்சில் மேல் 20 சுற்றை இடைவெளியில்லாமல் சுற்றி, பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். நம் 30 கேஜ் என்றால் எனாமலோடு சேர்த்து 7 மில்லிமீட்டர் நீளம் வரும். அமெரிக்க 30 என்றால் 6-ஐத் தொடாது. கடையிலேயே, கடைக்காரர் மனம் நோகாதபடி, சுருளின் நுனியை வைத்துச் செய்து பார்த்துவிடலாம்.

இனிக் கிரேன். மின்காந்தத்தில் கம்பித் தடிமன் செய்கிற வேலை முதல் பார்வைக்கு நம்ப முடியாதது. கூடுதலாகச் சுற்றினால் இழுவை கூடும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஆம்பியரைச் சுற்றுகளால் பெருக்கினால் காந்த வலிமை, சரி. ஆனால் வோல்ட்டேஜ் மாறாமல் இருக்கும்போது சுற்றுகளை இரட்டித்தால் கம்பியின் நீளம் இரட்டிக்கிறது, மின்தடை இரட்டிக்கிறது, மின்னோட்டம் பாதியாகிறது. பெருக்கினால் பழைய எண்ணே வருகிறது. காந்த வலிமையைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமனும் ஒரு சுற்றின் சராசரி நீளமும்தான். கூடுதல் சுற்றுகள் வலிமையைக் கூட்டுவதில்லை, சூட்டைத்தான் குறைக்கின்றன.

அந்தப் பெண்ணின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 8 மில்லிமீட்டர் போல்ட், அதன் மேல் தடித்த காகிதம், சுற்றிய பிறகு ஒரு சுற்றின் சராசரி நீளம் 4 சென்டிமீட்டர். மின்சாரம் பழைய செல்போன் சார்ஜரிலிருந்து, 5 வோல்ட், அதிகபட்சம் 1 ஆம்பியர். 30 கேஜ் மீட்டருக்கு 0.22 ஓம். ஒரு சுற்றுக்கு 0.0088 ஓம். ஐந்தை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 565 ஆம்பியர்-சுற்று. 200 சுற்று போட்டாலும் 565, ஆயிரம் போட்டாலும் 565. ஆனால் 200 சுற்றில் 2.8 ஆம்பியர் இழுக்கும். சார்ஜர் மூச்சடைத்து நின்றுவிடும், நிற்காவிட்டால் காயில் 14 வாட்டில் புகையும். ஆயிரம் சுற்றில் அரை ஆம்பியருக்குச் சற்று மேலே, மூன்று வாட்டுக்கும் கீழே. கை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவே.

அதே போல்ட்டில் 36 கேஜைச் சுற்றினால் வலிமை 213-க்கு இறங்கிவிடுகிறது. எத்தனை ஆயிரம் சுற்றினாலும் ஏறாது. தொட்டால் குளிர்ந்தே இருக்கும், ஆணியையும் தூக்காது. சரி, 22 கேஜ்? காகிதத்தில் 2,890 வருகிறது, வாயைப் பிளக்க வைக்கிற எண். ஆனால் சார்ஜரின் 1 ஆம்பியருக்குள் அடங்க வேண்டுமானால் 2,890 சுற்றும் போட்டாக வேண்டும்: 116 மீட்டர், 400 கிராமுக்கு மேல் செம்பு. அதுவும் சுற்று அடுக்கடுக்காகப் பருத்து, சராசரி நீளம் கூடிக் கணக்கே மாறிவிடும். கால் கிலோவுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிற பெண்ணிடம் இதைச் சொல்ல முடியாது. கிரேனுக்கு 30-தான். 565 சுற்றுக்குக் குறையக் கூடாது, 700 என்றால் நிம்மதி. 28 இன்னும் கொஞ்சம் நன்றாக இழுத்திருக்கும். அந்தக் கடையில் அன்று இல்லை.

இடையில் ஒன்று. இந்தக் கணக்கெல்லாம் குளிர்ந்த கம்பிக்கு. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். காயில் 50 டிகிரி சூடேறினால் வலிமையில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். காலையில் தூக்கிய ஆணியை மாலையில் தூக்கவில்லை என்று கண்காட்சியில் அழுதவர்கள் உண்டு.

ரேடியோவில் கதை வேறு. மீடியம் வேவ் ரேடியோவுக்கு, ஸ்டேஷன் மாற்றத் திருகும் 365 பிகோஃபாரட் கேங் கண்டன்சரோடு சேர, ஏறக்குறைய 250 மைக்ரோஹென்றி மின்தூண்டல் உள்ள காயில் வேண்டும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அந்தக் கண்டன்சரின் நடுப்பகுதியில் விழும். 50 மில்லிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டில், இடைவெளி விடாமல் ஒரே அடுக்காகச் சுற்றுவதாக வைத்துக்கொண்டு நான்கு கம்பிகளுக்கும் கணக்குப் போட்டேன். 36 கேஜில் 60 சுற்று போதும். ஒன்பதரை மீட்டர், 5.5 ஓம். 30 கேஜில் 70 சுற்று. 11 மீட்டர், 2.4 ஓம். 26 கேஜில் 80 சுற்று. பன்னிரண்டரை மீட்டர், 1.3 ஓம். 22 கேஜில் 100 சுற்று. கிட்டத்தட்ட 16 மீட்டர், 0.7 ஓம். தடித்த கம்பிக்கு ஏன் கூடுதல் சுற்று என்று கேட்கலாம். காயில் நீண்டுகொண்டே போவதால் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒன்றையொன்று தழுவுவது குறைகிறது; அந்த இழப்பை எண்ணிக்கையால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

0.7 எங்கே, 2.4 எங்கே, 22-ஐ விட்டால் வேறு இல்லை என்று தோன்றும். ஆனால் ரேடியோ அலைவரிசையில் மின்சாரம் கம்பியின் உடல் முழுதும் ஓடுவதில்லை. 720 கிலோஹெர்ட்ஸில் அது மேல்தோலில் 0.08 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடிவிடுகிறது. 22 கேஜின் நடுப்பகுதிச் செம்பு சும்மா வேடிக்கை பார்க்கிறது. 30 கேஜோ ஏற்கெனவே மெலிந்தது; அதில் வீணாகும் செம்பு குறைவு. மீட்டர் காட்டும் மூன்றரை மடங்கு வித்தியாசம் அலைவரிசையில் இரண்டு மடங்குக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. இதற்கு மேல், பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒன்றன் மின்னோட்டத்தை ஒன்று தள்ளி ஒதுக்குகின்றன. நெருக்கிச் சுற்றிய தடித்த கம்பியில் இந்தத் தொல்லை அதிகம். கம்பிக்குக் கம்பி ஒரு கம்பி இடைவெளி விட்டுச் சுற்றினால் கிடைக்கும் லாபம், கேஜை இரண்டு படி தடிக்க வைப்பதால் கிடைக்கும் லாபத்துக்குக் குறைந்ததல்ல என்பது என் அனுபவம். நடுவில் தையல் நூலைச் சேர்த்துச் சுற்றிவிட்டு நூலை மட்டும் உருவி எடுத்துவிடுவேன்.

அதிலும் பாட்டரி இல்லாத ரேடியோவில் காயிலின் மேல் டயோடும் இயர்போனும் ஏறி உட்கார்ந்து, ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கும் அதன் கூர்மையைத் தின்றுவிடுகின்றன. ஓஏ79 போன்ற ஜெர்மானியம் டயோடு, நல்ல கிறிஸ்டல் இயர்போன், மொட்டை மாடியில் நீளமான ஏரியல், உருப்படியான எர்த் ஆகியவை சரியாக அமைந்தால் 26-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காது கண்டுபிடிக்காது. 36-ஐ மட்டும் வேண்டாம் என்பேன். மின்தடை காரணமல்ல, கை நடுங்கினால் அறுந்துவிடும், அறுந்த இடத்தைப் பற்றவைத்தால் புடைக்கும். முதல் காயில் கட்டுகிறவரின் பொறுமையைச் சோதிக்கும் கம்பி அது.

எஃப்எம் காயிலுக்கு எதுவும் யோசிக்க வேண்டாம், 22. நூறு மெகாஹெர்ட்ஸுக்குத் தேவைப்படுவது 0.1 மைக்ரோஹென்றி அளவுதான். 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டில் நான்கு சுற்று சுற்றி உருவினால் வந்துவிடும். இங்கே மின்சாரம் ஓடுவது மைக்ரான் கணக்கிலான தோலில், ஆகவே மின்தடைக்காகத் தடிமன் தேடவில்லை. காயில் காற்றில் தானாக நிற்க வேண்டும் என்பதற்காகத் தேடுகிறோம். சுற்றுகளை நகத்தால் விரித்தும் நெருக்கியும்தான் ஸ்டேஷனைப் பிடிக்கிறோம். விரித்த இடத்தில் அது அப்படியே நிற்க வேண்டும். ஒருமுறை 30 கேஜில் சுற்றிப் பார்த்தேன். மேலே சீலிங் ஃபேன் மூன்றில் ஓடினால் பாட்டு ஊசலாடியது, ஐந்தில் வைத்தால் ஸ்டேஷனே போய்விட்டது. (ரிசீவரைப் பற்றித்தான் பேசுகிறேன். உரிமமில்லாமல் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கட்டுவது சட்டப்படி குற்றம். "சின்னதுதானே" என்பது வாதமாகாது.)

எல்இடி சர்க்யூட்டுக்குச் செத்துப்போன சிஎஃப்எல் பல்பின் உள்ளே இருக்கும் சின்ன ஃபெரைட் வளையமே போதும். இரண்டு கம்பிகளை ஒன்றாக முறுக்கி 12 சுற்று. வளையத்தின் துளை சிறியது. 22 உள்ளே நுழைய அடம்பிடிக்கும். 30 ஓடி ஓடிப் போகும்.

எல்லாவற்றையும் எதிரெதிரே வைத்தால் முடிவு தானாகத் தெரிகிறது. மெல்லிய கம்பியைச் சேர்த்துத் தடித்த கம்பி ஆக்கலாம். தடித்ததை மெலிய வைக்க முடியாது. 30 கேஜ் ஐந்து இழைகளைச் சேர்த்து முறுக்கினால் அதன் செம்புப் பரப்பு கிட்டத்தட்ட ஒரு 22 கேஜுக்குச் சமம்: 0.39 சதுர மில்லிமீட்டர். ஒன்றரை ஆம்பியரைத் தாராளமாகச் சுமக்கும். அது மட்டுமல்ல. 100 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஸ்விட்ச்சிங் சப்ளை டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்த ஐந்து இழை முறுக்கு ஒற்றை 22-ஐவிட மேலானது. அங்கே மின்சாரம் தோலில் 0.2 மில்லிமீட்டருக்குள் ஓடும். 30 கேஜின் ஆரமே 0.16-தான் என்பதால் ஒவ்வோர் இழையின் மையம் வரை வேலை செய்யும். ஐந்து இழைகளின் ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையைக் கை டிரில்லில் மாட்டி மெல்லச் சுழற்றினால் முறுக்கு தயார். இரு முனைகளிலும் ஐந்து இழைகளின் எனாமலையும் நீக்கியாக வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால், அந்த இழை சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

ஐந்து இழை முறுக்கினாலும் கிடைக்காத ஒன்று உண்டு, விறைப்பு. எஃப்எம் காயிலுக்கு அதுதான் வேண்டும். ஆகவே ஒரே கம்பி என்றால் 30. இரண்டு வாங்க முடிந்தால் 30-உம் 22-உம். 26 நல்ல கம்பிதான், நடுவாந்தரமானது; ஆனால் இந்த இரண்டும் கையில் இருக்கும்போது அது இல்லாமல் நான் எங்கும் தவித்ததில்லை. 36-ஐ, பழைய ரிலே காயில் கட்டுவது போன்ற திட்டம் நிச்சயமானால் மட்டும் வாங்கலாம். நீளத்தையும் பார்த்துவிடலாம்: நூறு கிராமுக்கு 22 கேஜில் சுமார் 28 மீட்டர் வரும், 30-இல் 140 மீட்டர். எஃப்எம் காயிலுக்கு ஆகும் செலவு சாண் கணக்கு என்பதால் 22-இல் ஐம்பது கிராமே அதிகம்.

எங்கே வாங்குவது என்பதும் பாதி முடிவு. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் சின்ன ரீல்களாகக் கிடைக்கும். பற்றவைக்கும் சூட்டிலேயே எனாமல் உருகி விலகும் பாலியூரிதேன் பூச்சுக் கம்பியைக் கேட்டு வாங்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. வைண்டிங் கடையில் எடைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சூடு தாங்கும் பூச்சு. மோட்டாருக்கு அது வரம், நமக்கு இம்சை. சால்டரிங் அயர்னுக்கு மசியாது. உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். 30 கேஜ் அந்தத் தேய்ப்பைத் தாங்கும். 36 அறுந்து கையோடு வரும்.

காயலான் கடையில் பிரித்துப் போட்ட பழைய காயிலும் கிடைக்கும். காயிலுக்கும் காயலான் கடைக்கும் பெயர்ப் பொருத்தம் இருக்கிறதே தவிர வேறு பொருத்தம் இல்லை. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த கம்பியில் எனாமல் நுண்ணிய விரிசல் விட்டிருக்கும். காசிமேட்டுக் கடற்காற்று படுகிற வீடுகளில் அந்த விரிசலில் களிம்பு ஏறிப் பச்சைப் புள்ளிகள் பூக்க அதிக நாள் ஆகாது. சுற்றுக்குச் சுற்று உரசினால் குறுக்குத் தடம் (ஷார்ட்) விழும். எங்கே விழுந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் புதுக் கம்பி வாங்கியிருக்கலாம். இன்னொரு எச்சரிக்கை: செம்பு நிறத்தில் மின்னுவதெல்லாம் செம்பல்ல. அலுமினியக் கம்பியும் அதே நிற எனாமலோடு வருகிறது. பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். சுருளைக் கையில் எடுத்தாலே எடை காட்டிக் கொடுத்துவிடும். பற்றவைக்கும் ஈயம் அதில் பிடிக்காது.

அவளோடு நானும் வியாசர்பாடிக்குப் போனேன். "எதற்கு?" என்று வழக்கம்போலக் கேட்டார். "கிரேனுக்கு" என்றாள். "எத்தனை டன்?" என்றார். 30 கேஜ் 200 கிராம், 22 கேஜ் 50 கிராம். தினத்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

கிரேன் காயிலைச் சுற்றும்போது நானூறு வாக்கில் அவள் தம்பி வந்து பேச்சுக் கொடுக்க, எண்ணிக்கை தவறிவிட்டது. பிரிக்கப் போனவளைத் தடுத்து, பாதியில் விட்ட சுருளையே முடிக்கச் சொன்னேன். கடைசியில் மல்டிமீட்டர் 6.2 ஓம் காட்டியது; ஒரு சுற்றுக்கு 0.0088 என்று வகுத்தால் ஏறக்குறைய 700. சார்ஜரை மாட்டியதும் ஆணிகள் கொத்தாக ஏறின. சுவிட்சை அணைத்த பிறகும் இரண்டு ஆணிகள் விழாமல் போல்ட்டைப் பிடித்துக்கொண்டே தொங்கின. கம்பியைத்தான் சந்தேகப்பட்டாள். கடினமான எஃகு போல்ட் காந்தத்தைக் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ளும்; அதைப் பழுக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட வேண்டும். மறுநாள் போல்ட்டை எடுத்துக்கொண்டு அவள் அம்மாவின் அடுப்படிக்குப் போனாள்.